சிஸ்டராகப் போகிற பிள்ளைக்கு வகுப்பும் வாட்டும் எப்போது கிடைக்கும்?

கொழும்பின் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, அடுத்துள்ள வத்தளைப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பிள்ளை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்துவிட்டு "நான் மடத்துக்குப் போகப் போறேன்" என்றால், வீட்டாரின் கண்ணுக்கு முன்னால் வருவது கரும்பலகையடியில் நிற்கும் சிஸ்டர், அல்லது கட்டிலடியில் குனிந்து நிற்கும் சிஸ்டர். அந்த இடத்துக்கு வந்து சேர ஆறேழு வருடமாவது பிடிக்கும் என்பதைப் பலர் விசாரிப்பதே இல்லை. இரண்டாம் வருடத்திலேயே "பிள்ளையைப் படிக்க விடாமல் வைத்திருக்கிறார்கள்" என்ற மனக்கசப்பு தொடங்கிவிடும். வரிசை தெரிந்திருந்தால் அந்தக் கசப்புக்கு இடமில்லை.

முதலில் சில காலம் மடத்தில் தங்கிப் பார்ப்பது. எவ்வளவு காலம் என்பது கன்னியர் சபைக்குச் சபை மாறும். அதன் பிறகுதான் நவதுறவகம், அதாவது துறவு வாழ்வுக்கான பயிற்சி. திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிரம்பாதவரை அங்கே சேர்க்கக் கூடாது. ஞானஸ்நானம், உறுதிபூசுதல் இரண்டுக்கும் சான்றிதழ் வேண்டும், திருமணமாகாதவர் என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்களுக்குச் சிக்கல் வருகிறது: கோவில் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து. சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கோவிலுக்கு அது பெரிய காரியமில்லாமல் போகலாம். பின்னால் தாதியர் பதிவுக்கோ கடவுச்சீட்டுக்கோ போகும்போது அதே எழுத்துப் பிழை மறித்துக்கொண்டு நிற்கும்.

நவதுறவகம் குறைந்தது 12 மாதம். இரண்டு வருடத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்பது பொது விதி. அந்த 12 மாதத்தில் படிப்பும் இல்லை, தொழிலும் இல்லை; செபம், சபையின் ஒழுங்குகள், வீட்டு வேலை, மௌனம். பதினைந்து நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நாட்களை ஈடுசெய்ய வேண்டும். விட்டுவிட்டு எடுத்தாலும் சேர்த்துக் கூட்டி மூன்று மாதத்தைத் தாண்டினால் நவதுறவகமே செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அம்மாவுக்குச் சுகமில்லை, அக்காவுக்குக் கலியாணம் என்று அடிக்கடி அழைக்கும் குடும்பம் பிள்ளையின் ஒரு வருடத்தையே அழித்துவிடக் கூடும். மடத்தின் தலைவியான மதர் கடுமையாக இருக்கிறார் என்று குறைப்படுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அது முடிந்து முதல் வார்த்தைப்பாடு, கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றும் குறித்த காலத்துக்கு. மூன்று வருடத்துக்குக் குறையாமல், ஆறுக்கு மேற்படாமல். தேவைப்பட்டால் மொத்தம் ஒன்பது வரை நீட்டலாம். 21 வயது நிரம்பியவருக்கே வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு. தொழிற்கல்வி பெரும்பாலும் இந்த இடைக்காலத்தில்தான் நடக்கும். தாதியர் டிப்ளோமா மூன்று வருடம். ஆசிரியர் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரி என்றாலும் இரண்டு வருடம் அங்கே தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. அரச தாதியர் பயிற்சிக்கு ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு கேட்பார்கள். கலைப்பிரிவில் எடுத்த பிள்ளைக்கு "அங்கே போனால் நேர்ஸ் ஆக்குவார்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கொழும்பில் படிப்பித்தல், தாதிப் பணி என்ற இந்த இரண்டுக்கும் நீண்ட வேர் இருக்கிறது. நல்லாயன் சபைச் சகோதரிகள் கொட்டாஞ்சேனையில் 1869இல் தங்கள் பணியைத் தொடங்கினார்கள். ஊட்டியில் 1877இல் பிறந்த மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபையினர் 1886இல் இங்கே வந்து பெரியாஸ்பத்திரியில் தாதியராக நின்றார்கள். 1960களில் அரச ஆஸ்பத்திரிகளிலிருந்து கன்னியர் விலக வேண்டி வந்தது. பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற 1960ஆம் ஆண்டுச் சட்டமும் அதே காலம்தான். சில பெரிய கொன்வென்டுகள் மட்டும் கட்டணம் வாங்காத தனியார் பாடசாலைகளாகத் தாக்குப்பிடித்தன. இன்று நோயாளியோடு நிற்கிற சிஸ்டரைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் முதியோர் இல்லத்துக்கோ மடத்தின் நோயாளர் அறைக்கோ போக வேண்டும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்றால், படுக்கையில் கிடக்கும் ஒரு ஆச்சியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும்தான். இழுத்துப் புரட்டினால் தோல் உரியும். கீழே மடித்த பெட்சீட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். முழுதாகப் பக்கவாட்டில் கிடத்தினால் இடுப்பெலும்பில் பாரம் ஏறும், ஆகவே முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதிச் சரிவு. கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொரு தலையணை, குதிகால் மெத்தையில் முட்டாதபடி. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளிறி மீண்டும் சிவந்தால் தப்பித்தோம். வெளிறாமல் அப்படியே சிவப்பாக இருந்தால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது பெரிய தவறு. காற்று ஊதிய வளையத்தில் இருத்துவதும் அப்படித்தான், வளையத்தின் விளிம்பு இரத்த ஓட்டத்தை நெரிக்கும். கொழும்பு வெக்கையில் ரப்பர் சீட்டுக்கு மேல் வேர்வை தேங்கித் தோல் ஊறிப்போகும் என்பதால் துணி விரிப்பை நாளுக்குப் பலமுறை மாற்ற வேண்டும். இத்தனையும் செய்துவிட்டுக் காலைப் புகழ் என்ற காலைச் செபத்துக்குக் கோவிலில் இருக்க வேண்டும். நல்ல மதர் இரவு முழுக்க நின்ற சிஸ்டரைத் தூங்க அனுப்பிவிட்டு, செபத்தைப் பிறகு சொல்லச் சொல்வார்.

வகுப்பெடுக்கும் சிஸ்டருக்குப் பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும், வேலை முடியாது. ஞாயிறும் மறைக்கல்வியில் போகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பத்து வருடம் கணிதம் படிப்பித்தவரை ஒரு கடிதத்தில் முதியோர் இல்லத்துக்கு மாற்றலாம். கீழ்ப்படிதல் என்று வாக்குக் கொடுத்தது இதற்கும் சேர்த்துத்தான்.

காசு விஷயம். சம்பளமோ ஓய்வூதியமோ சபைக்கே சேரும். தன் பெயரில் காணி இருந்தால், முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் அதன் நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். சகோதரனுக்கு அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்படும் அதிகாரம்) எழுதிக் கொடுப்பது வழக்கமான வழி. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் மரணசாசனம் (உயில்) எழுதியாக வேண்டும், அது நாட்டுச் சட்டத்திலும் செல்ல வேண்டும். இங்கே என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். வீட்டில் கடதாசியில் எழுதி ஒருவர் கையொப்பமிட்டது செல்லாது.

தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடியும்போது விரும்பினால் தடையின்றி வெளியேறலாம். அப்படி வருபவர் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது. சபை நீதியோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டுமே திருச்சபைச் சட்டம் சொல்கிறது. ஆகவே சேரும் முன்பே பெற்றோர் மதரிடம் நேராகக் கேட்கலாம்: பிள்ளைக்கு எந்த வருடத்தில் எந்தப் பயிற்சி, டிப்ளோமா அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே வருமா, தாதியர் பதிவைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு. இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒழுங்காக நடக்கும் சபை இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கும்.