மும்பை மராத்தானுக்கு மூன்று வாரம்: ஒரு நாட்குறிப்பு

டிசம்பர் 29, 2024, ஞாயிறு

கடைசி லாங் ரன் (நீண்ட பயிற்சி ஓட்டம்) இன்றோடு முடிகிறது. 32 கிலோமீட்டர் போதும். இதற்கு மேல் ஓடினால் பந்தய நாளான ஜனவரி 19-க்குள் கால் தேறாது.

சென்னையில் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு குறை உண்டு. மெரினா, பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலை எல்லாமே சமதளம். மும்பையில் ஓட்டக்காரரைச் சோதிக்கும் ஏற்றம் வருவது 35-ஆவது கிலோமீட்டரை ஒட்டி. அதனால் இன்றைய ஓட்டத்தின் கடைசி 4 கிலோமீட்டரை ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கி முடிப்பது நல்லது. களைத்த காலோடு ஏறிப் பழக வேண்டும். களைக்காத காலோடு ஏறிப் பார்ப்பதில் பயன் குறைவு.

வியர்வைக் கணக்கையும் இன்றே எடுத்துவிடலாம். ஓடும் முன்பும் ஒரு மணி நேரம் ஓடிய பின்பும் உடையில்லாமல் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. இடையில் குடித்த தண்ணீரையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். வெளியேறியது முழுவதையும் குடித்து நிரப்பத் தேவையில்லை. ஓடி முடிக்கும்போது எடை கூடியிருக்கக் கூடாது என்பதே முக்கியம்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இன்று சென்னை மராத்தான். மும்பைக்குப் பதிந்தவர்கள் இங்கே 21 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதையும் பயிற்சி வேகத்தில்தான் ஓட வேண்டும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முழு மராத்தான் ஓடினால் இரண்டாவதில் கால் கெஞ்சும்.

பந்தயத்துக்கு முன் ஓடும் தூரத்தைப் படிப்படியாகக் குறைக்கும் டேப்பர் தொடங்கியாகிவிட்டது. உச்ச வாரத்தில் 60 கிலோமீட்டர் ஓடியவர் இந்த வாரம் 45, அடுத்த வாரம் 30 என்று குறைக்கலாம். குறைய வேண்டியது தூரம் மட்டுமே. வாரத்துக்கு ஒரு முறை நாலைந்து கிலோமீட்டரைப் பந்தய வேகத்திலேயே ஓடுங்கள், இல்லாவிட்டால் கால் மந்தமாகிவிடும்.

ஷூ வாங்குவதானால் இன்றே கடைசி நாள். பந்தயத்துக்கு முன் குறைந்தது 40 கிலோமீட்டராவது அதில் ஓடியிருக்க வேண்டும். ஓட ஓடப் பாதம் வீங்கும் என்பதால் கட்டைவிரல் முனைக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். இறக்கத்தில் நகம் கறுப்பது இந்த இடம் இல்லாததால்தான். குதிகால் வழுக்கினால் கணுக்காலை ஒட்டிய கடைசித் துளையில் லேஸை அதே பக்கம் நுழைத்துச் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் கோத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாது, விரல்களும் நெருங்காது.

ஜனவரி 12, ஞாயிறு

12 கிலோமீட்டர், மெதுவாக. பந்தய நாளில் அணியப்போகும் சட்டை, டவுசர், சாக்ஸ் எல்லாவற்றையும் போட்டு ஓடிப் பாருங்கள். சிவந்த இடமெல்லாம் வாஸலின் தடவ வேண்டிய இடம்: அக்குள், தொடை இடுக்கு, பெண்களுக்கு உள்ளாடைப் பட்டையின் விளிம்பு. ஆண்கள் மார்புக் காம்பில் டேப் ஒட்டிக்கொள்ளாமல் நான்கு மணி நேரம் ஓடினால் சட்டையில் ரத்தம் தெரியும்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

சர்க்கரைப் பொங்கலைத் தவிர்க்க வேண்டிய அவசியமே இல்லை. பந்தயத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. நெய்யும் முந்திரியும் தொந்தரவு தருவது வெள்ளி, சனியில்தான். கால் நகத்தை இன்றோ நாளையோ வெட்டிவிடுங்கள். கடைசி நாளில் ஒட்ட வெட்டினால் ஓரம் வலிக்கும்.

ஜனவரி 17, வெள்ளி

பிப் (மார்பில் மாட்டும் பந்தய எண் அட்டை) வாங்க மும்பையின் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ் போக வேண்டும். சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தால் வரிசையிலும் அங்குள்ள கண்காட்சிக் கடைகளிலுமே கால் ஓய்ந்துவிடும்.

இன்றும் நாளையும் மாவுச்சத்துக்கான நாட்கள். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 முதல் 10 கிராம். 65 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 520 கிராமாவது வேண்டும். ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம், ஒரு நடுத்தர இட்லியில் 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், இது மூன்று வேளைச் சாப்பாட்டில் அடங்காது என்று புரியும். இடையிடையே வாழைப்பழம், ஜாம் ரொட்டி, பழச்சாறு சேர்க்க வேண்டும். மாதுங்கா பக்கம் தங்கினால் இட்லியும் தயிர்சாதமும் எளிதில் கிடைக்கும். சுண்டல், கீரை, பச்சைக் காய்கறி, காரம் எல்லாம் ஞாயிறு மதியத்துக்குப் பிறகு. எடை ஒன்றிரண்டு கிலோ கூடினால் பயப்பட வேண்டாம். தசையில் கிளைக்கோஜனாகச் சேரும் மாவுச்சத்து தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது.

இவ்வளவு சாப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவருக்கு முழு மராத்தானின் 42.195 கிலோமீட்டருக்கு மொத்தம் 2,700-ஐத் தாண்டும். உடலில் சேர்த்து வைக்க முடிந்த மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரி. மீதியைக் கொழுப்பும் ஜெல்லும் (ஓடும்போது சாப்பிடும் மாவுச்சத்துக் கூழ்) தர வேண்டும். வேகம் கூடக் கூடக் கொழுப்பின் பங்கு குறையும். முதல் பத்து கிலோமீட்டரில் அவசரப்பட்டவர் 32-இல் நடக்கத் தொடங்குவது இதனால்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

அதிகாலை 2:30-க்கு எழுந்து, 3 மணிக்குள் நான்கு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், வழக்கமான காபி. புதிதாக எதுவும் வேண்டாம். பிப்பை நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி மார்பில் மாட்டுங்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும், நேரத்தைப் பதிவு செய்யும் சிப்பை மடிக்கக் கூடாது.

இலக்கு 4 மணி 30 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 6:24 (6 நிமிடம் 24 விநாடி). வளைவுகளில் எல்லோராலும் உள்ஓரமாக ஓட முடியாததால் வாட்ச் 42.5 வரை காட்டலாம். ஆகவே வாட்ச்சில் 6:20 வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தூரம் 2:15, 30 கிலோமீட்டர் 3:12, 35 கிலோமீட்டர் 3:44.

பந்தயம் தொடங்கும் 5 மணிக்கு சிஎஸ்எம்டி ரயில் நிலைய வாசலில் இருட்டும் குளிர்ச்சியும் இருக்கும். மரைன் டிரைவில் கால் தானாகவே வேகமெடுக்கும். இந்தப் பந்தயம் கைவிட்டுப் போகிற இடமாக நான் நினைப்பது இதைத்தான். முதல் 5 கிலோமீட்டரை இலக்கைவிட 10 விநாடி மெதுவாக ஓடுங்கள். "வெயிலுக்கு முன் நேரத்தைச் சேர்த்து வைக்கலாம்" என்று பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். சேர்த்த ஐந்து நிமிடம் பெடர் சாலை ஏற்றத்தில் பதினைந்தாகத் திரும்பக் கேட்கப்படும்.

முதல் ஜெல் 40-ஆவது நிமிடத்தில், பிறகு 35 நிமிடத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. ஜெல்லோடு வெறும் தண்ணீர் மட்டும். எலக்ட்ரோலைட் பானத்தையும் சேர்த்தால் வயிற்றில் சர்க்கரை அடர்ந்து குமட்டும். ஆறாவது ஜெல் ஓடத் தொடங்கி 3 மணி 35 நிமிடத்தில், அதாவது ஏற்றத்துக்கு முன்பே உள்ளே போயிருக்கும்.

பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தில் கைதட்ட ஆளிருக்காது, காற்று இருக்கும். உங்களைவிடச் சற்று உயரமானவர்கள் பின்னால் ஒதுங்கி ஓடுங்கள். பாலம் முடியும்போது வெளுக்கத் தொடங்கிவிடும். மாஹிம், சிவாஜி பார்க் பக்கம் மக்கள் பிஸ்கட், ஆரஞ்சுச் சுளை, உப்பு எல்லாம் நீட்டுவார்கள். பயிற்சியில் சாப்பிட்டுப் பழகியதை மட்டும் வாங்குங்கள். தண்ணீர் மேசையின் முதல் பகுதியில்தான் கூட்டம் மோதும்; கடைசிப் பகுதிக்குப் போய் எடுங்கள், கீழே கிடக்கும் பாட்டில்களில் கால் வைக்காதீர்கள்.

ஹாஜி அலி தாண்டி பெடர் சாலை. நேரம் 8:45-ஐ நெருங்கும், வெயில் முகத்தில் அடிக்கும். இங்கே வாட்ச்சைப் பார்க்க வேண்டாம். காலடியைக் குறுக்கி, கையை வீசி, மூச்சு முட்டாத அளவில் ஏறுங்கள். கிலோமீட்டருக்கு 30 விநாடி போனால் போகட்டும். கெம்ப்ஸ் கார்னர் தாண்டிய இறக்கத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து பிரேக் போட்டால் முன்தொடை பிடித்துக்கொள்ளும். பிடித்தால் நின்று நீவி, நீட்டி, 200 மீட்டர் நடந்த பிறகே ஓடுங்கள். உப்புக் குறைவுதான் எப்போதும் காரணம் என்றில்லை. பழகாத வேகத்தில் களைத்த தசைதான் பெரும்பாலும் பிடிக்கிறது.

தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் கூடுதலாகி ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். மேலும் குடிக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை ஓடும் முன்பும் ஓடும்போதும் போடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆபத்து.

முடிந்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். திடீரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும்.

ஜனவரி 20, திங்கள்

ஊர் திரும்பும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். மேல் பெர்த் கிடைத்தவர்கள் கீழே மாற்றிக் கேளுங்கள். வலி நாளைதான் உச்சத்துக்கு வரும். ஒரே கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது சாதாரண வலி அல்ல. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு வாரம் நடை மட்டும், பிறகு 5 கிலோமீட்டர் மெதுவாக. நகம் கறுத்து வலிக்காமல் இருந்தால் அப்படியே விடுங்கள். ஊசியால் குத்த வேண்டாம்.