அவுட்ரீச்சிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? முதலில் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்

திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் உதவித்தொகையோடு வேலை பழகவைக்கும் அவுட்ரீச்சி பயிற்சியின் கடைசித் தவணை என் கணக்கில் ஏறிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அது ஏறுவதற்குள் பட்ட அலைச்சலின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். சேலம், நாமக்கல், தருமபுரி பக்கத்திலிருந்து அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காவது இந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

எனக்கு ஏற்காடு மலையில், நாகலூர் பக்கம் வீடு. சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி வருடம் படிக்கும்போது விண்ணப்பித்தேன். அவுட்ரீச்சி என்றால் என்ன என்று பலருக்கும் தெரிந்திருக்கும். 2006-இல் க்னோம் என்ற திறந்த மூல மென்பொருள் சமூகம் பெண்களுக்காகத் தொடங்கிய முயற்சி, 2015-இல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற லாப நோக்கற்ற அமைப்பின் கீழ் வந்தபோது இந்தப் பெயரைப் பெற்றது. மூன்று மாதம், வாரம் 30 மணி நேரம், வீட்டிலிருந்தே வேலை. நான் சேர்ந்த சுற்றில் உதவித்தொகை 7,000 டாலர்.

முதல் அடி கல்லூரி அலுவலகத்தில் விழுந்தது. நான் விண்ணப்பித்தபோது மே மாதச் சுற்றுக்கு விண்ணப்பம் ஜனவரியில் திறந்து பிப்ரவரியில் மூடியது. மாணவர்கள் செமஸ்டர் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, தேர்வு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் படிப்புச் சுமை எவ்வளவு குறுக்கிடும் என்று அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நம் ஊரில் ஏப்ரல் தேர்வுத் தேதி ஜனவரியில் யாருக்குத் தெரியும்? அலுவலகத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டைம்டேபிள் வந்தா நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம், பாத்துக்கம்மா. அமெரிக்காக்காரனுக்கெல்லாம் லெட்டர் தர முடியாது" என்றார். துறைத் தலைவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், முதல்வர் கையெழுத்து வேண்டும் என்றார். முதல்வர் விடுப்பில் இருந்தார். கடைசி நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது.

வழி காட்டியவர் எங்கள் துறை மேடம் ஒருவர். கடந்த இரண்டு வருடத் தேர்வு அட்டவணைகளை எடுத்துக் கொடுத்து, "இந்த வருடமும் ஏறக்குறைய இதே வாரங்களில் நடக்கும்" என்று துறையின் லெட்டர்பேடில் நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வைத்துத் தந்தார். நானும் விண்ணப்பத்தில் உள்ளபடியே எழுதினேன்: இறுதித் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை, வந்ததும் தெரிவிக்கிறேன், இதோ பழைய அட்டவணை. அவுட்ரீச்சி ஒருங்கிணைப்பாளர்கள் மின்னஞ்சலில் ஒரு விளக்கம் கேட்டார்கள், பிறகு ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே, தேதி தெரியாவிட்டால் மனதுக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பாதீர்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதி, கையில் உள்ள சான்றை இணையுங்கள்.

அடுத்தது கட்டுரைகள். உங்கள் நாட்டின் தொழில்நுட்பத் துறையில் நீங்கள் எப்படிக் குறைவாக இடம்பெறும் பிரிவினர், கற்கும்போது என்ன பாகுபாட்டைச் சந்தித்தீர்கள், வேலை தேடும்போது எதைச் சந்திப்பீர்கள் என்று கேட்பார்கள். நிறையப் பேர் இந்தக் கட்டத்திலேயே வெளியேறிவிடுகிறார்கள். பட்ட கஷ்டத்தை வெளியே சொல்லாதே என்று வளர்த்த பிள்ளைகளுக்கு இதை எழுதுவது சுலபமில்லை. "நாங்கள் ஏழைக் குடும்பம்" என்று பொதுவாக எழுதி நிறுத்தாதீர்கள். எது நடந்தது, அதனால் எதைக் கற்க முடியாமல் போனது என்று எழுதுங்கள். எங்கள் ஆய்வகத்தில் பையன்கள் இரவு வரை இருக்கலாம், பெண்கள் மாலையே வெளியேற வேண்டும். வளாக நேர்காணலில் பெண்களிடம் மட்டும் "நைட் ஷிஃப்ட்டுக்கு வீட்டில் விடுவார்களா?" என்று கேட்டார்கள். என்னிடம் கூடுதலாக, "மலையிலிருந்து எப்படிம்மா வருவே?" என்றும் கேட்டார்கள். இவற்றை அப்படியே எழுதினேன். எழுதி முடித்தபோதுதான் இதெல்லாம் என் குறையில்லை என்பது எனக்கே உறைத்தது. தயவுசெய்து கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுத வைக்காதீர்கள். உங்கள் வாழ்க்கை அதற்குத் தெரியாது.

மார்ச்சில் பங்களிப்புக் காலம் தொடங்கியது, அதாவது விண்ணப்பிக்கிறவர்கள் ஒரு மென்பொருள் திட்டத்தில் சின்னச் சின்ன வேலைகளைச் செய்து காட்டும் கட்டம். முதலில் நான் சேர்ந்த திட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே கூட்டமோ கூட்டம். தொடக்கநிலைப் பணி ஒன்று வெளியானதும் சில நிமிடங்களில் நாலைந்து பேர் "இதை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று போட்டுவிடுவார்கள். போட்டவர்கள் செய்வதும் இல்லை, விடுவதும் இல்லை. நான் அனுப்பிய திருத்தம் பதிலே இல்லாமல் கிடந்தது. திட்டத்தில் வழிகாட்டும் மென்டர்களும் தன்னார்வலர்கள்தான், சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் வருகிறவர்கள் என்பது புரிகிறது. ஆனால் ஒரு மாதக் காலத்தில் ஒரு வாரம் மௌனமாகப் போனால் விண்ணப்பிக்கிறவள் என்ன செய்வாள்?

அதோடு அதை விட்டுவிட்டு, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் ஒரு சின்னத் திட்டத்துக்கு மாறினேன். தானியங்கிச் சோதனைகள் எழுதும் வேலை. பளபளப்பான பெயர் இல்லாததால் ஆள் குறைவு. அங்கே பணிகள் ஃபேப்ரிகேட்டரில், நிரல் பரிசீலனை ஜெரிட்டில், பேச்சு ஜூலிப்பில். இந்த மாற்றம்தான் என்னைக் காப்பாற்றியது. கேள்விகளைத் தனிச்செய்தியில் அனுப்பாமல் பொது அறையில் கேட்டேன். மென்டர் தூங்கும் நேரத்தில் வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்கள், அது அடுத்தவருக்கும் பயன்படும். "ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்று காத்திருக்க வேண்டாம். என்ன செய்தேன், என்ன பிழை வந்தது, எதை முயன்று பார்த்தேன் என்று ஒரே செய்தியில் போட்டுவிடுங்கள். அப்புறம், செய்த பங்களிப்பை அவுட்ரீச்சி தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒன்றாவது பதிவாகாவிட்டால் இறுதி விண்ணப்பம் செல்லாது. நிரல் இன்னும் சேர்க்கப்படவில்லையே என்று தயங்க வேண்டாம், பரிசீலனையில் இருப்பதையும் பதியலாம்.

என் முதல் பேட்சுக்கு (அனுப்பிய நிரல் மாற்றத்துக்கு) ஜெரிட்டில் -1 வந்தது, அதாவது இன்னும் திருத்த வேண்டும். மாற்றத்தை விளக்கும் கமிட் செய்தியிலிருந்து மாறியின் பெயர் வரை திருத்தச் சொல்லியிருந்தார்கள். திருத்தி அனுப்பினேன், மறுபடி திருத்தினேன். கடைசியில் மென்டர் ஒப்புதலாக +2 போட்டு நிரல் உள்ளே போன அன்று வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். அம்மாவுக்குத் திரையில் இருந்தது ஒன்றும் புரியவில்லை. ஆனால் பச்சை நிறத்தைப் பார்த்து, "பாஸா கண்ணு?" என்று கேட்டார்.

மே மாதம் தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தது.

அந்த நேரம்தான் ஏற்காட்டில் கோடை விழா. சுற்றுலா வண்டிகள் மலையேற ஏற, செல்போன் இணையம் படுத்துவிடும். அது முடிந்ததும் மழை, மின்வெட்டு. நிரல் எழுதும் சூழலைக் கணினியில் நிறுவ, டாக்கர் படிமங்கள் (தேவையான மென்பொருள்கள் அடங்கிய பெரிய கோப்புகள்), விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி நிரலின் முழு வரலாறு என்று இறக்க ஆரம்பித்தால் எங்கள் இணையத்தில் முடியவே முடியாது. சேலம் அஸ்தம்பட்டியில் தோழி வீட்டு ஃபைபரில் எல்லாவற்றையும் இறக்கி, மடிக்கணினியில் சுமந்துகொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன். நிரலின் பழைய வரலாறு தேவையில்லை என்றால், நிரலை இறக்கும் கருவியான கிட்டில் (Git) ஆழத்தை (depth) 1 என்று குறுக்கி இறக்கலாம், அதுவே பாதி வேலையை மிச்சப்படுத்தும். வாரச் சந்திப்பு வீடியோவில் தடுமாறியதால் எழுத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று மென்டரிடம் கேட்டேன், உடனே ஒப்புக்கொண்டார். வாரத்துக்கு 5 மணி நேரமாவது எனக்காக ஒதுக்கினார், சம்பளமில்லாமல். என் கல்லூரி வாழ்க்கையில் யாரும் என் நிரலை இவ்வளவு பொறுமையாக வரிவரியாகப் படித்ததில்லை.

இனி வங்கி. இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

பணம் வெளிநாட்டிலிருந்து வர, உலக அளவில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். மலைமேல் உள்ள எங்கள் கிளையில் கேட்டால், உள்நாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஐஎஃப்எஸ்சியை எழுதிக் கொடுத்து, "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்கள். ஒன்றில்லை. ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் இருந்தால் அது ஐஎஃப்எஸ்சி. ஸ்விஃப்ட்டில் அந்த இடத்திலிருந்து இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் வரும். சிறு கிளைகளுக்குத் தனி ஸ்விஃப்ட் இருக்காது, அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளையின் வழியாகத்தான் பணம் வரும். அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சேலத்துப் பெரிய கிளைக்குப் போனபோது அடுத்த குண்டு. பள்ளியில் உதவித்தொகைக்காக அம்மாவைக் காப்பாளராகப் போட்டுத் திறந்த கணக்கு அது. எனக்கு 18 வயது முடிந்த பிறகும் மைனர் கணக்காகவே கிடந்தது. வருடா வருடம் பாஸ்புக் பதிந்து கொடுத்தவர்கள் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. புதுக் கையெழுத்து, கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு), பான், கூடவே அம்மாவும் நேரில் வர வேண்டும். அம்மா எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு என்னோடு இறங்கி வந்தார். கவுன்டரில் இருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "பொண்ணு அக்கவுன்ட்டுக்கு ஃபாரின்லேருந்து எதுக்குப் பணம் வருது?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டார். அம்மா முகம் சுருங்கியதை நான் மறக்க மாட்டேன். அவுட்ரீச்சிக்குத் தேர்வான கடிதத்தை எடுத்து நீட்டி, "நான் செய்த வேலைக்கு வருகிறது சார்" என்றேன்.

செலாவணிப் பிரிவில் இருந்த அதிகாரி அக்கா வேறு மாதிரி. கடிதத்தை முழுதாகப் படித்தார், பணம் எதற்காக வருகிறது என்று சொல்லும் பர்பஸ் குறியீட்டில் மென்பொருள் சேவைக்கானது எது என்று காட்டிப் படிவத்தை நிரப்ப வைத்தார், அம்மாவை உட்காரச் சொன்னார். பணம் வந்ததும் அதற்கான வரவுச் சான்றை மறக்காமல் கேட்டு வாங்கி வைக்கச் சொன்னதும் அவர்தான். வருமான வரி காட்டும்போது அது கேட்கப்படலாம்.

உங்கள் கணக்கு, முழு ஆவணங்கள் இல்லாமல் திறக்கும் 'ஸ்மால் அக்கவுன்ட்' வகையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியிருந்தால் ஒரு நிதியாண்டில் 1 லட்சத்துக்கு மேல் வரவு கூடாது, இருப்பு 50,000 தாண்டக் கூடாது, முழுக் கேஒய்சி முடியாமல் வெளிநாட்டுப் பணத்தை வரவு வைக்கவே முடியாது.

இன்னொன்று: இதே போன்ற கூகுளின் பயிற்சித் திட்டமான கூகுள் சம்மர் ஆஃப் கோடில் ஏற்கெனவே சேர்ந்தவர்களை அவுட்ரீச்சி எடுப்பதில்லை. இரண்டும் செய்ய ஆசை என்றால் வரிசையை யோசித்து முடிவெடுங்கள். கல்லூரிக் கடிதத்துக்கு மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், எங்கள் மேடம் எழுதித் தந்ததைப் பெயரை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.