ஆண்டு எழுதாத கண்ணாடித் தகடுகள்

ஒரு நகரத்தின் பழைய புகைப்படங்களை வகைப்படுத்த ஆள் தேவை என்றதும் மணிக்கூண்டும் மாளிகைகளும் கண்முன் வந்தன. பெட்டிகளைத் திறந்தால் பெரும்பாலும் சாக்கடை. தோண்டிப் போட்ட சாலை, புதைக்கக் காத்திருக்கும் குழாய்கள், அளவுகோலைப் பிடித்தபடி வெயிலில் முகம் சுளித்து நிற்கும் ஒரு தொழிலாளி, இடிக்கப்போகும் வீடு. பொறியாளர் அலுவலகம் வேலைக்கு முன்னும் பின்னும் கணக்குக் காட்டுவதற்காக எடுத்துவைத்த கண்ணாடித் தகடுகள், அதாவது படச்சுருளுக்கு முன் புழங்கிய நெகட்டிவ்கள், அவை. வேலையை முடித்துவிட்ட தைரியத்தில் சொல்கிறேன்: நகரம் எப்படி வளர்ந்தது என்று தெரிய வேண்டுமா, இந்தச் சாக்கடைப் படங்களைப் பாருங்கள். மாளிகை எல்லா ஆண்டும் ஒரே மாதிரிதான் நிற்கிறது.

இது ஓர் ஊரின் வழக்கம் மட்டுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹவுஸ்மான் என்ற நிர்வாகி பாரிஸின் பழைய தெருக்களை இடித்துப் பெருஞ்சாலைகள் போட்ட காலத்தில், மறையப்போகும் தெருக்களைப் படமெடுக்க நகர நிர்வாகமே சார்ல் மார்வில் என்ற புகைப்படக்காரரை அமர்த்தியது. கிளாஸ்கோவின் நெரிசல் சந்துகளைத் தாமஸ் ஆனன் 1868 முதல் எடுத்ததும் அவற்றை இடிக்கவிருந்த அறக்கட்டளைக்காகத்தான். நியூயார்க்கில் 1939 முதல் 1941 வரை வரி மதிப்பீட்டுக்காகக் கட்டடம் கட்டடமாக எண்பலகை வைத்துப் படமெடுத்தார்கள். வரி வசூலிக்க எடுத்த படம், பின்னால் வருகிறவர்களுக்கு வரலாறு.

தகடுகளைக் கையாள்வதற்கே முதலில் பயிற்சி கொடுத்தார்கள். பருத்திக் கையுறை வழுக்கும், நூல் சிக்கும் என்பதால் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை. தகட்டின் ஓரத்தை மட்டும், இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். மங்கலாகத் தெரிவது படம் பதிந்த பூச்சு இருக்கும் பக்கம். அதைத் துடைக்கவே கூடாது, காற்றூதித் தூசியைப் போக்குவதோடு சரி. பூச்சு நம்மைப் பார்த்திருந்தால் படம் இடம் வலமாக மாறித் தெரியும். கடைப்பலகை எழுத்து இருந்தால் உடனே புரிந்துவிடும்; எழுத்தே இல்லாத தெருவில் வலப்பக்கக் கட்டடம் இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு ஆளைக் குழப்பும். உடையாத தகடுகளை நான்கு மடிப்புக் காகித உறையில் வைத்து, நீளப் பக்கம் கீழே இருக்குமாறு செங்குத்தாக நிறுத்தினோம். விரிசல் விட்டவை மட்டும் படுக்கையாக. உறையில் எழுதுவது பென்சிலால், அதுவும் தகட்டை உள்ளே வைப்பதற்கு முன்பே. இடையில் கிடைத்த நைட்ரேட் படச்சுருள்களைத் தனியே எடுத்து நிபுணர்களிடம் அனுப்பிவிட்டார்கள். எளிதில் தீப்பற்றும் சரக்கு, அதில் யாரும் விளையாடுவதில்லை.

தெருவாரியாகப் பிரித்து அடுக்கிவிடலாமே என்று எல்லோருக்கும் கை பரபரத்தது. பொறுப்பாளர் அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டார்: "பெட்டியில் இருந்த வரிசை யாரோ ஒருவர் வேலை பார்த்த வரிசை. அதைக் கலைத்தால் திரும்ப வராது. தெருவாரியாக வேண்டுமென்றால் பட்டியலில் பிரித்துக்கொள்ளுங்கள்." அந்தக் கண்டிப்பு பிறகு எங்களுக்கே கைகொடுத்தது. ஆண்டு குறிக்காத தகட்டின் முன்னும் பின்னும் ஆண்டு குறித்தவை இருந்தால், நடுவில் இருப்பதைப் பற்றி ஓரளவு துணிந்து பேசலாம்.

உண்மையான வேலை ஆண்டு கண்டுபிடிப்பதில்தான் இருந்தது. ஒரு நாற்சந்திப் படத்தைச் சொல்கிறேன். நடுவில் குழி, குழியைச் சுற்றி ஆட்கள். படமெடுத்தவர் காட்ட நினைத்தது அவ்வளவுதான். எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஓரங்களில் இருந்தது. ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் சாலையில் ஒற்றை டிராம் தண்டவாளம் தெரிந்தது. அந்தப் பாதை இரட்டையாக்கப்பட்ட ஆண்டு நகராட்சி அறிக்கையில் இருக்கிறது, ஆக அதற்கு முந்தைய படம். தெருமுனையில் மின்கம்பம் நிற்கிறது, ஆக மின்சாரம் வந்ததற்குப் பிந்தையது. இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்ட பிறகு கடைப்பலகைக்கு வந்தோம். மருந்துக் கடைப் பெயரில் பாதியை ஓர் ஏணி மறைத்திருந்தது. பழைய வணிக விவரப் புத்தகங்களை ஆண்டு வாரியாகப் புரட்டினால், அந்தப் பெயர் அந்த முகவரியில் சில ஆண்டுகள் மட்டுமே வருகிறது. இடைவெளி அங்கேயே பாதிக்குமேல் சுருங்கிவிட்டது. நிழலையும் அளந்து பார்த்தோம். நிழல் பருவத்தையும் பொழுதையும் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. ஆனாலும் ஆர்வமாக நிழலோடு மல்லுக்கட்டிய ஒருவரை யாரும் தடுக்கவில்லை.

மிகப் பழைய படங்களில் தெரு வெறிச்சோடித் தெரிந்தால் நம்ப வேண்டாம். புகைப்படக் கலையின் முன்னோடியான டாகுவேர் 1838இல் பாரிஸ் சாலை ஒன்றைப் படமெடுத்தபோது பல நிமிடம் ஒளி பட வேண்டியிருந்தது. போய்வந்த கூட்டமெல்லாம் பதியாமல் போக, காலணிக்கு மெருகு போட நின்ற ஒருவர் மட்டும் தெளிவாக நிலைத்தார். எனவே 'ஆளரவமற்ற தெரு' என்று விவரக் குறிப்பு எழுத எங்களுக்கு அனுமதி இல்லை.

பழைய உறைகளில் இருந்த குறிப்புகளோடுதான் அதிகம் சண்டை. பல குறிப்புகள் படமெடுத்து நெடுங்காலம் கழித்து, நினைவிலிருந்து எழுதியவை; அழகான கையெழுத்து, தவறான தெருப்பெயர். அவற்றை அடித்துத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை. உறையில் உள்ளதை உள்ளபடியே ஒரு கட்டத்திலும், எங்கள் முடிவை அதற்கான சான்றோடு அடுத்த கட்டத்திலும் எழுதினோம். சான்று எழுதாத ஆண்டை வாசகர் எதை வைத்து நம்புவார்? ஒற்றை ஆண்டு கிட்டாதபோது 'இதற்குப் பின், இதற்கு முன்' என்ற இடைவெளியோடு நிறுத்திக்கொண்டோம். கணினிப் படிவம் முதலில் ஒரே ஓர் ஆண்டைத்தான் ஏற்றுக்கொண்டது. அதை மாற்றச் சொல்லி வாதாடியதில்தான், தகடுகளைவிட, எனக்குத் தலைவலி அதிகம். கடைசியில் இரண்டு கட்டங்களும் ஒரு கேள்விக்குறியும் கிடைத்தன. அந்த நாற்சந்திப் படமும் கேள்விக்குறியோடுதான் பட்டியலில் ஏறியிருக்கிறது. ஏணிக்குப் பின்னால் இருக்கும் மீதிப் பெயரை வேறு கோணத்தில் எடுத்த படம் ஏதாவது காட்டினால் அந்தக் கேள்விக்குறியை எடுத்துவிடலாம்.