பருத்திக் கிளையில் ஒரு பங்காளிச் சண்டை

பருத்திச் செடியின் தண்டில் கணுக்களை அடியிலிருந்து எண்ணிக்கொண்டே மேலே போனால், பொதுவாக ஐந்தாவது கணுவுக்கும் எட்டாவது கணுவுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் செடியின் போக்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்குக் கீழே கிளைக்கும் தழைக் கிளைகள் தண்டைப் போலவே நிமிர்ந்து நேராக வளர்கின்றன. மேலே கிளைப்பவை கணுவுக்குக் கணு திசைமாறி, கோணல்மாணலாகப் பக்கவாட்டில் நீள்கின்றன. பூவும் காயும் தாங்குபவை இந்தக் கோணல் கிளைகளே. கிளை மெலிந்திருப்பதால்தான் இப்படி வளைகிறது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில், அது ஒரே கிளையே அன்று. நுனி ஓர் இலையை விட்டதும் சப்பையாக, அதாவது பூமொட்டாக, முடிந்துவிடுகிறது. உடனே அந்த இலையின் கோணத்திலுள்ள மொட்டு வளர்ச்சியை ஏற்றுக்கொண்டு, தானும் ஓர் இலையை விட்டுச் சப்பையாக முடிகிறது. இப்படி ஒன்றன் தோளில் ஒன்றாக ஏறி நிற்கும் துண்டுகளையே நாம் கிளை என்கிறோம்.

ஆகவே பருத்தியில் பூப்பது என்பது ஒருநாள் எடுத்து முடிக்கும் முடிவு அன்று. ஒவ்வொரு மொட்டிலும் 'வளர்வதா, பூத்து முடிவதா' என்ற வழக்கு புதிதாக நடக்கிறது. அந்த வழக்கில் எதிரெதிரே நிற்கும் இருவரும் ஒரே மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்த பங்காளிகள் என்பதுதான் எனக்கு இதில் தீராத வியப்பு. பிஇபிபி எனப்படும் அந்தக் குடும்பத்தில் எஃப்டி என்ற பிரிவு பூக்கச் சொல்கிறது. டிஎஃப்எல்1 என்ற பிரிவு தொடர்ந்து வளரச் சொல்கிறது. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் செய்த ஆய்வுகளில், இவ்விரு புரதங்களிலும் குறிப்பிட்ட ஓரிடத்து அமினோ அமிலத்தை மாற்றியபோது ஒன்று மற்றதன் வேலையைச் செய்யத் தொடங்கியது. குணம் மாற அவ்வளவுதான் தேவைப்பட்டது.

எஃப்டி புரதம் இலையில் உருவாகி, உணவு செல்லும் குழாய்த் திசு வழியே நுனிக்குப் பயணிக்கிறது. இலையிலிருந்து நுனிக்குப் பூக்கச் சொல்லும் ஒரு பொருள் போகிறது என்று சோவியத் அறிவியலாளர் சைலாக்கியான் 1930-களிலேயே கருதி, அதற்கு 'ஃப்ளோரிஜன்' என்று பெயரும் வைத்துவிட்டார். அது இந்தப் புரதம்தான் என்பதற்கான நேரடிச் சான்றுகள் 2007-இல்தான் வந்தன. நுனியை அடைந்தபின், அங்குள்ள படியெடுத்தல் காரணி (மற்ற மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதம்) ஒன்றோடு சேர்வதற்கு இரு பங்காளிகளும் போட்டியிடுகிறார்கள். எது மிகுந்திருக்கிறதோ, மொட்டு அதன் பக்கம் சாய்கிறது.

பருத்தியில் இவற்றை முறையே எஸ்எஃப்டி, எஸ்பி என்று தக்காளி மரபணுக்களின் பெயரால் அழைக்கிறார்கள். எஸ்எஃப்டியை மிகுதியாக்கியபோது பூக்கும் கிளைகள் முன்கூட்டியே தோன்றின. எஸ்பியை அடக்கியபோது தண்டின் நுனியும் தழைக் கிளைகளின் நுனியும்கூடப் பூவாக முடிந்து, செடி மேற்கொண்டு வளர வழியின்றி நின்றது. காட்டுப் பருத்தி, பகல் குறுகும் காலத்தில் மட்டும் பூக்கும் பல்லாண்டுப் புதர். அத்தகைய பழைய வகை ஒன்றுக்குள் வீரியம் நீக்கிய வைரஸ் மூலம் அரபிடாப்சிஸின் எஃப்டியைச் செலுத்தியதும், நீண்ட பகலிலேயே அது பூத்தது.

பங்காளிகள் மட்டும் இதை முடிப்பதில்லை. செடி இளமையாக இருக்கும்வரை மிகுந்திருக்கும் மைஆர்156 என்ற சிற்றாரென்ஏ, பூப்பதை ஊக்கும் எஸ்பிஎல் மரபணுக் குடும்பத்தை அடக்கி வைக்கிறது. வயது ஏற ஏற அது குறைந்து, எஸ்பிஎல் தலைதூக்குகிறது. பூப்பது என்று முடிவானபின் இதழ், மகரந்தத் தாள், சூலகம் ஆகியவற்றை வகுப்பது பெரும்பாலும் மேட்ஸ் பாக்ஸ் குடும்பம். அந்தப் பெயரே ஈஸ்ட்டில் ஒன்று, செடிகளில் இரண்டு, மனிதரில் ஒன்று என நான்கு உறவினர்களின் முதலெழுத்துகளால் ஆனது.

பரவலாகப் பயிரிடப்படும் மேட்டுநிலப் பருத்தியின் மரபணுத் தொகுதி 2015-இல் வெளியானபின், ஏதேனும் ஒரு குடும்பத்தை எடுத்து உறுப்பினர்களை எண்ணிப் படம் போடும் கட்டுரைகள் குவிந்துவிட்டன. எண்ணுவது எளிது, எந்த உறுப்பினர் எந்த மொட்டில் என்ன செய்கிறார் என்று காட்டுவதே கடினம், எனக்கு அதில்தான் ஆர்வம். பத்து, இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு பருத்தி இனங்கள் கலந்து உருவான இந்தச் செடியில், 52 குரோமோசோம்களும் ஏ, டி என்று குறிக்கப்படும் அந்த இரு இன வழிகளில் வந்தவை. ஆகவே பெரும்பாலான மரபணுக்களுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று பழுதானால் மற்றது தாங்கிக்கொள்ளும் என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால் குட்டைக் கிளைப் பருத்தி என்று ஒரு வகை இருக்கிறது: அதில் கோணல் கிளையே நீள்வதில்லை, சப்பை தண்டையொட்டியே வந்து நிற்கிறது. தேடிப் பார்த்தபோது, மாறியிருந்தது டி வழியில் வந்த எஸ்பி பிரதி. ஏ வழிப் பிரதி அங்கேயே இருந்தும் கிளை நீளவில்லை.