கடல்சார் மியூசியத்துல வாலண்டியரா ஒரு வருஷம்

போன வருஷம் ஒரு சின்ன கடல்சார் மியூசியத்துல வாலண்டியரா சேர்ந்தேன். மொத்தமே மூணு ரூம், பின்னாடி ஒரு ஷெட், ஷெட்டுக்குள்ள ஒரு பழைய மரப்படகு, சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க ரெண்டே பேர், மத்த எல்லாமே எங்கள மாதிரி ஆளுங்கதான் பண்றோம். இந்த மாதிரி இடத்துல சேரணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு உள்ள என்ன வேலை இருக்கும்னு தெரியட்டும்னு எழுதுறேன்.

சேர்றது கஷ்டமில்ல. ஒரு ஃபார்ம், கொஞ்ச நேரம் பேச்சு, அரை நாள் பாதுகாப்பு ட்ரெயினிங், அவ்ளோதான். நான் நேரா படகு வேலைக்குப் போகத்தான் வந்தேன், ஆனா பொருட்களைப் பாத்துக்குற மேடம் "முதல்ல மூணு மாசம் ரெஜிஸ்டர் வேலை பாருங்க, அப்புறம் எங்க வேணா போங்க"ன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு ஏமாற்றமா இருந்துச்சு. இப்போ யாராவது புதுசா வந்தா நானும் அதையேதான் சொல்றேன்.

ரெஜிஸ்டர் வேலைன்னா ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர். 2019.7.3ன்னு இருந்தா 2019ல வந்த ஏழாவது வரவு, அதுல மூணாவது பொருள்னு அர்த்தம். அளவு எடுக்கணும், போட்டோ எடுக்கணும், எங்க விரிசல் எங்க துருன்னு எழுதணும், யார் கொடுத்தாங்க, எதுக்கு யூஸ் பண்ணாங்கன்னு எழுதணும். நம்பரை நேரா பொருள் மேல எழுதக் கூடாது, முதல்ல அசிட்டோன்ல கரைச்ச பாராலாய்ட் பி-72னு ஒரு ரெசின், அதை மெல்லிசா ஒரு கோட் தடவி, காஞ்சதும் மேல இங்க்ல எழுதி, திரும்ப ஒரு கோட். எப்ப வேணும்னாலும் அசிட்டோன் வச்சு எடுத்துடலாம், பொருளுக்கு ஒண்ணும் ஆகாது. கயிறு, பாய்த்துணின்னா காட்டன் நாடாவுல நம்பர் எழுதி தைச்சு விடுவோம்.

முதல் வாரமே ஒரு பித்தளை விளக்கைப் பளபளன்னு ஆக்கிடலாம்னு துணியும் பாலிஷும் எடுத்தேன், மேடம் பதறிப் போய் கையப் பிடிச்சுட்டாங்க. ஒவ்வொரு தடவை பாலிஷ் போடும்போதும் உலோகம் மெல்லிசா தேஞ்சு போகுதாம். பக்கத்துல இருந்த இன்னொரு விளக்கைக் காட்டினாங்க, யாரோ வருஷக்கணக்கா ஆசையா தேச்சுத் தேச்சு செஞ்சவங்க பேரே அழிஞ்சு போயிருந்துச்சு. அதைப் பாத்து எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

கடல்ல இருந்து எடுத்த இரும்பு இன்னும் மோசம். உப்பு உள்ள வரைக்கும் ஊறி இருக்கும், அப்படியே காய விட்டா கொஞ்ச நாள்ல ஏடு ஏடா வெடிச்சு உதிரும். அதனால காரம், அதாவது அல்கலி கலந்த தண்ணித் தொட்டியில மாசக்கணக்கா போட்டு வச்சு, தண்ணிய மாத்தி மாத்தி, எவ்வளவு உப்பு வெளிய வந்திருக்குன்னு டெஸ்ட் பண்ணிட்டே இருக்கணும். இவ்ளோ நாளான்னு மலைப்பா இருந்தப்போ மேடம் வாசா கப்பல் கதையச் சொன்னாங்க. ஸ்வீடன்ல 1628ல கிளம்பின முதல் நாளே முங்கிப் போன கப்பல், 1961ல மேல எடுத்தாங்க, அந்த மரம் காஞ்சு சுருங்கிடாம இருக்க பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலை 17 வருஷம் தெளிச்சாங்க. அதைக் கேட்டப்புறம் ஒரு ஆணிக்கு எட்டு மாசம் எனக்குப் பெருசா தெரியல.

லீவு நாள்ல பசங்க வந்தா முற்றத்துல லாக் லைன் விளையாட்டு வைப்போம், எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. அந்தக் காலத்துல கப்பல் வேகத்தை அளக்க ஒரு மரத்துண்டைக் கயித்துல கட்டித் தண்ணியில போடுவாங்க, அது அங்கயே நிக்கும், கப்பல் போகப் போக கயிறு அவுந்துட்டே வரும். 28 செகண்ட் மணல் கடிகாரம் தீர்றதுக்குள்ள எத்தனை முடிச்சு கை வழியா போச்சோ அதுதான் வேகம், நாட் கணக்குன்னு சொல்றது அந்த முடிச்சைத்தான். நாங்க 14.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டிருக்கோம், ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல், ஒரு கடல் மைல் 1852 மீட்டர், கணக்குப் போட்டுப் பாருங்க சரியா வரும். ஒரு பொண்ணு சுருளைப் பிடிச்சு நடந்து மூணாவது முடிச்சைத் தொட்டதும் "நான் மூணு நாட்ல போறேன்"னு கத்தினா பாருங்க, அதுக்காகவே எத்தனை லீவு நாள் வேணா வரலாம்.

இனி முக்கியமான விஷயம். ரெஜிஸ்டர்ல ஒரு வரி, "மரச் சுத்தி, தலையில் பள்ளம், உடைந்ததா? பயன் தெரியவில்லை". வருஷக்கணக்கா அப்படியே கிடந்துச்சு. பழைய கப்பல்காரங்களோட பேச்சை ரெக்கார்ட் பண்ற வேலையும் அப்போ ஆரம்பிச்சிருந்தோம், சம்மதக் கையெழுத்து வாங்கிட்டு போன்லயே பதிவு பண்றது. போசனா, அதாவது கப்பல்ல கயிறு வேலைக்கும் மேல்தளத்து ஆளுங்களுக்கும் மேஸ்திரியா, வேலை பாத்த ஒரு ஐயா வந்தார். "உங்க கப்பல் அனுபவம் சொல்லுங்க ஐயா"ன்னு கேட்டா ரெண்டு வரியில முடிச்சுடுவார். எனக்கு என்ன தோணுச்சோ, அந்தச் சுத்தியக் கொண்டு வந்து கையில கொடுத்தேன். கொஞ்ச நேரம் தடவிப் பாத்தார், அப்புறம் "கயிறு இருக்கா தம்பி"ன்னார்.

சுத்தியே இல்ல அது, கயித்துக்கு உறை சுத்துற கருவி. கப்பல் கயிறு தண்ணியிலயும் உரசல்லயும் வீணாகாம இருக்க, முதல்ல புரிகளுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல மெல்லிய நூல் ஓட்டி, மேல தார் போட்ட துணிய முறுக்கு போற பக்கமாவே சுத்தி, கடைசியா அதுக்கு எதிர்ப்பக்கமா நூலை நெருக்கமா சுத்துவாங்களாம். கருவியோட தலையில இருக்கிற பள்ளம் கயித்து மேல உக்காரும், நூலைத் தலையிலயும் கைப்பிடியிலயும் ஒரு சுத்து கொடுத்துட்டா கருவியத் திருப்பத் திருப்ப தானே இறுகிட்டு வரும். பழசை யூஸ் பண்ணக் கூடாதுன்னு ஷெட்டுல அதே அளவுக்கு ஒண்ணு செஞ்சு கொடுத்தோம், அடுத்த வாரம் அவர் சுத்திக் காட்டினார், வீடியோ எடுத்தோம். ஒரு மணி நேரம் வாய் ஓயல அவருக்கு, புயல்ல கயிறு அறுந்தது, கூட வேலை பாத்தவங்க பேரு, எல்லாமே வந்துச்சு.

ரெஜிஸ்டர்ல பழைய வரிய அழிக்க மாட்டோம், படிக்கிற மாதிரி ஒத்தக் கோடு போட்டு, மேல சரியானதை எழுதி தேதி போடணும். அந்தக் கோட்டை நான்தான் போட்டேன். "பயன் தெரியவில்லை"ன்னு இன்னும் பதினோரு வரி இருக்கு, எல்லாத்தையும் ஒரு பெட்டியில துணி போட்டு அடுக்கி வச்சிருக்கேன், ஐயா வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார்.