கோணல் வில்லையும் காட்டுங்கள்

நானே செய்து, இப்போது கையில் வைத்திருக்கும் வில்லின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். முள்மூங்கில் பத்தை. நீளம் 5 அடி 8 அங்குலம். நடுவில் அகலம் ஒன்றரை அங்குலம், இரண்டு நுனியிலும் அரை அங்குலம். கனம் நெடுகிலும் கிட்டத்தட்ட 11 மில்லிமீட்டர். 26 அங்குலம் இழுக்கும்போது, பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு 11 கிலோ காட்டுகிறது. வில்காரர்கள் கணக்கில் 24 பவுண்டு. வில்லின் எடை என்று அவர்கள் சொல்வது இந்த இழுப்பு எடையைத்தான். கீழ்ப்பாதி மேல்பாதியைவிடக் கொஞ்சம் விறைப்பு. நாணைக் கழற்றினாலும் வில் முழுசாக நேராவதில்லை, நுனிகள் ஓர் அங்குலம் நம் பக்கம் வளைந்தே நிற்கின்றன. அழகான வில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் 15 மீட்டர் தள்ளி வைத்த வைக்கோல் கட்டில் அம்பு போய் நன்றாகவே குத்தி நிற்கிறது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வில் செய்வது பற்றி நான் படித்ததில் பெரும்பகுதி யூ, ஆஷ், ஹிக்கரி, ஒஸேஜ் ஆரஞ்சு என்று ஐரோப்பிய, அமெரிக்க மரங்களைப் பற்றியது. 1545-இல் மூழ்கி, 1982-இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன. எல்லாம் யூ. டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் கிடைத்த, ஏறக்குறைய 9000 ஆண்டுப் பழைய வில் எல்ம் மரம். இந்த மரங்களுக்கெல்லாம் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று பட்டியலே இருக்கிறது. நம் மரவாடியில் போய் யூ கேட்டால் என்ன கிடைக்கும்? வாகையில், பூவரசில், கொய்யாவில் எந்த அளவு வைத்தால் வில் தாங்கும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அதனால் நீங்கள் ஒரு வில் செய்து, அதன் அளவைச் சொல்லி, நாலு பேருக்குக் காட்டினாலே அது அடுத்தவருக்குப் புதுத் தகவல். வில் நன்றாக வந்ததா, கோணிக்கொண்டதா என்பது இரண்டாவது விஷயம்.

முதல் வில்லுக்கு மூங்கிலைத்தான் சொல்வேன். விலை குறைவு, நார் நேராக ஓடும், கருவி அதிகம் வேண்டாம். இந்தியாவில் இன்றும் மூங்கில் வில் புழக்கத்தில் இருக்கிறது. தேசிய வில்வித்தைப் போட்டிகளில் மூங்கில், மர வில்லுக்கென்றே இந்தியன் ரவுண்டு என்று ஒரு பிரிவு உண்டு. மூன்று ஒலிம்பிக்கில் ஆடிய ராஜஸ்தானின் லிம்பா ராம் சிறு வயதில் பிடித்ததும் மூங்கில் வில்தான். சட்டச் சிக்கலும் இல்லை. 2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தியபோது மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காட்டுக்கு வெளியே, சொந்த இடத்தில் வளர்ந்ததை வெட்டத் தயங்க வேண்டியதில்லை.

ஏணிக்கும் பந்தலுக்கும் மூங்கில் விற்கும் கடையில் போய், அடிமரம் வேண்டும் என்று கேளுங்கள். நுனிப்பக்கம் சுவர் மெல்லிசு, வில்லுக்கு ஆகாது. அடிப்பக்கத்தில்தான் ஓர் அங்குலம் வரை சதை இருக்கும். பச்சையாக இருந்தால் நிழலில் சாத்திவைத்துக் காய விட வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். மாவு மாவாக ஏதாவது உதிர்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், வண்டு விழுந்த மூங்கிலைத் தொடவே வேண்டாம். தேய்பிறையில் வெட்டிய மூங்கிலில் வண்டு விழாது என்று கடைக்காரர் சொல்வார். பிறை எதுவாக இருந்தாலும் நான் உதிரும் மாவைத்தான் பார்க்கிறேன்.

பிளந்த பத்தையில் வெளித்தோல் பக்கம்தான் வில்லின் முதுகு, அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கம். சதைப்பக்கம் வயிறு, நம்மைப் பார்க்கும் பக்கம். இழுக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது தோலை ஒட்டித்தான். அதனால் முதுகில் அரத்தையோ கத்தியையோ வைக்கவே கூடாது. கணுவில் துருத்திக்கொண்டிருப்பதை உப்புத்தாளில் லேசாகத் தடவலாம், அவ்வளவுதான். சீவுவது முழுக்க வயிற்றுப் பக்கமும் ஓரங்களிலும்தான். மரச் சட்டத்தில் செய்கிறவர்களுக்கும் இதே விதி. சட்டத்தின் முகத்தில் தெரியும் வரிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். வரி பாதியில் ஓரத்துக்கு வெளியேறினால் வில் அந்த இடத்தில்தான் பிளக்கும். ரீப்பர் கட்டு முழுவதையும் பிரித்துப் புரட்டினால் கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

சீவுவதற்கு முன் மனதில் இருக்க வேண்டிய கணக்கு ஒன்று. அகலத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. கனத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் எட்டு மடங்கு. திருப்பிச் சொன்னால், 11 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் எடுத்தாலும் விறைப்பில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். இதனால்தான் கனத்தை ஒரே சீராக வைத்துக்கொண்டு, அகலத்தை மட்டும் நுனி நோக்கிக் குறைக்கும் வடிவம் புதியவர்களுக்குச் சுலபம். அப்படிச் செய்த வில் வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி சீராக வளையும். கண்ணால் பார்த்தே சரி, தப்பு சொல்லிவிடலாம்.

அப்புறம் வளைவு பார்க்கும் வேலை. வில் செய்வதில் முக்கால் பங்கு இதுதான், மற்றதெல்லாம் விறகு பிளப்பது போலத்தான். முதலில் வில்லின் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, நடுவில் கைவைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு பாதியும் ஓரளவு ஒன்றுபோல் வளைகிறது என்றால் தொளதொளவென்று ஒரு நீளமான கயிற்றை மாட்டலாம். இரண்டரை அடிச் சட்டம் ஒன்றில் அங்குலத்துக்கு ஒரு வெட்டு போட்டு, சட்டத்தின் தலையில் வில்லை வைத்துக் கயிற்றை ஒவ்வொரு வெட்டாக இறக்கிப் பார்ப்பேன். சட்டத்தில் மாட்டிவிட்டால் கை வலிக்காது, தள்ளி நின்று பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம்.

போட்டோ ரொம்ப முக்கியம். கிட்ட இருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத தட்டைப் பகுதி போட்டோவில் உடனே தெரியும். என் வில்லின் கீழ்ப்பாதி விறைப்பைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான். அது கணு வரும் இடம். தட்டையாகத் தெரியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அங்கே மட்டும் சீவ வேண்டும். அதிகமாக வளையும் இடத்தின் பக்கம் போகவே கூடாது. இதற்கு ஒரு எளிய உபகரணமும் உண்டு. ஆறு அங்குல மரக்கட்டை, நடுவில் ஓட்டை, ஓட்டையில் இறுக்கமாக ஒரு பென்சில். வளைத்து வைத்த வில்லின் வயிற்றில் அதிகமாக வளைந்த இடத்தில் கட்டையை வைத்து, பென்சில் நுனி மயிரிழையில் தொடாமல் நிற்கும்படி சரிசெய்துவிட்டு, வயிறு நெடுகக் கட்டையை நகர்த்துங்கள். விறைப்பான இடங்களிலெல்லாம் பென்சில் தானாகக் கோடு போடும். கோடு விழுந்த இடத்தைச் சீவினால் போதும்.

ஒவ்வொரு தடவை சீவிய பிறகும் வில்லை அரைகுறை இழுப்பில் இருபது, முப்பது முறை இழுத்து விட வேண்டும். அப்போதுதான் சீவியதன் பலன் வெளியே தெரியும். இன்னொன்று: கடைசியில் எவ்வளவு எடை வேண்டுமோ அதற்கு மேல் எந்தக் கட்டத்திலும் இழுக்கக் கூடாது. 25 பவுண்டு வில் வேண்டும் என்றால் பத்து அங்குல இழுப்பிலேயே தராசு 25 காட்டினால் அங்கேயே நிறுத்தி, சீவிவிட்டு, மறுபடி பார்க்க வேண்டும். ஆசைப்பட்டு முழுசாக இழுத்தால் வயிறு நசுங்கி, வில் நிரந்தரமாக வளைந்துவிடும். என்னுடையதில் ஓர் அங்குலம் இருக்கிறது என்றேனே, மர வில்லுக்கு அது சாதாரணம். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் வேகம் குறைவது நன்றாகவே தெரியும்.

பத்தையைப் பிளந்து கொடுத்தவர் எங்கள் தெரு ஆசாரி அண்ணன். கொட்டாப்புளியில் இரண்டே தட்டு, நூல் பிடித்த மாதிரி பிளந்தது. “எதுக்குங்க தம்பி இது, ராமர் வேஷமா?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு இழைப்புளியை எப்படிச் சாய்த்துப் பிடித்தால் கணுவில் நார் கிளம்பாது என்று காட்டினார். கணு வந்ததும் திசையை மாற்ற வேண்டுமாம். இதை நான் எங்கும் படித்ததில்லை. உங்கள் ஊர் ஆசாரியிடமும் ஏணி கட்டுகிறவரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வில் செய்திருக்க மாட்டார்கள், மூங்கிலின் குணம் அவர்களுக்கு அத்துப்படி.

உடைந்தால்? உடையும். வில் ஒடிய ராமர்தான் வர வேண்டும் என்றில்லை, மரத்தில் ஒரு முடிச்சு போதும். அதைத் தூக்கி அடுப்பில் போடும் முன் உடைந்த இடத்தைப் பாருங்கள். முதுகில் நார் குச்சி குச்சியாகக் கிளம்பியிருந்தால் வரி வெளியேறிய இடம் அல்லது முதுகில் கத்தி பட்ட இடம். முதுகு குறுக்கே பட்டென்று முறிந்திருந்தால் மரம் மக்கியது அல்லது அளவுக்கு மீறிக் காய்ந்தது. வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிந்தால் அந்த இடம் மட்டும் அதிகமாக வளைந்து நசுங்கியிருக்கிறது. உடைந்த துண்டின் போட்டோவை அளவோடு காட்டுகிறவர்தான் என்னைப் பொறுத்தவரை பெரிய உபகாரி. நன்றாக வந்த வில்லைவிட அதில் கற்க அதிகம் இருக்கிறது.

முடியாத வில்லையும் காட்டலாம். 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஏட்சி என்ற மனிதனோடு 1.82 மீட்டர் யூ வில் ஒன்றும் கிடைத்தது. வேலை முடியாத வில் அது. சீவிய தழும்புகள் அப்படியே இருக்கின்றன, நாண் மாட்ட வெட்டுகூடப் போடவில்லை. 5000 ஆண்டுக்கு முந்தைய ஆள் எப்படிச் சீவினான் என்று இன்று பார்க்க முடிவது அந்த வில் முடியாமல் கிடந்ததால்தான். நம் பக்கம் செங்கம், தருமபுரி நடுகற்களில் வில் பிடித்த வீரர்கள் நிற்கிறார்கள். ஆனால் கல்லில் வில்லின் கனத்தை அளக்க முடியாதே.

நாண் விஷயத்தில் சுருக்கமாக: நைலான் கயிறு நீளும், வேண்டாம். கெட்டி பாலியஸ்டர் நூலைப் பல இழை சேர்த்து முறுக்கினால் போதும், வில்லின் எடையைப் போல நான்கு மடங்காவது தாங்க வேண்டும். நாண் ஏற்றியபின் வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே ஆறு அங்குலம். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது, அந்த விசை முழுவதும் வில்லின் மேலேயே திரும்பி விழும். வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். அம்பை ஒவ்வொரு முறையும் லேசாக வளைத்துப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒடித்துப் போடுங்கள். விரிசல் விட்ட அம்பு கையில் ஏறும். இலக்குக்குப் பின்னால் மண்மேடோ ஆளில்லாத வெளியோ இருக்க வேண்டும். புறா, முயல், தெருநாய் பக்கம் திருப்பவே வேண்டாம். காட்டு விலங்கு, பறவைகளை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம்.

அக்கா மகனுக்கு என் வில்லைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. “மாமா, எனக்கு அம்பது பவுண்டுல வேணும்” என்கிறான். எல்லாப் பையன்களும் அதைத்தான் கேட்பார்கள். 15 பவுண்டில், அவன் உயரத்தைவிட ஒரு சாண் அதிக நீளத்தில், அவனையே சீவச் சொல்லியிருக்கிறேன். நீளமான, எடை குறைந்த வில் புதியவரின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். குட்டையான, எடை கூடிய வில் பொறுக்காது. அவனுடையது இப்போது நீளக் கயிற்றில் பத்து அங்குலம் வளைகிறது, ஒரு பாதி நன்றாக, மறுபாதி பிடிவாதமாக. அப்படியே போட்டோ எடுத்து அவன் வகுப்பு நண்பர்களுக்குக் காட்டியதில் இன்னும் இரண்டு பையன்கள் மூங்கில் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

நீங்கள் காட்டும்போது மூன்று போட்டோ போதும்: நாண் இல்லாமல், நாண் ஏற்றி, முழு இழுப்பில். மூன்றும் நேர் பக்கவாட்டில். கூடவே மரத்தின் பெயர், நீளம், நடுவிலும் நுனியிலும் அகலம், கனம், எத்தனை அங்குலத்தில் எத்தனை கிலோ. பளபளப்பாக எண்ணெய் பூசி, பூந்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோ எனக்கு வேண்டாம், அதில் வளைவு தெரியாது.

அடுத்து நான் எடுத்திருப்பது பனை. இடித்த ஓட்டு வீடு ஒன்றிலிருந்து பழைய பனங்கை கிடைத்தது. பல வருஷம் கூரையில் காய்ந்த கட்டை, கறுப்பு நார் இரும்பாட்டம் இருக்கிறது. அமேசான் காட்டு மக்கள் அவர்கள் ஊர்ப் பனை வகைகளில் வில் செய்கிறார்கள், ஆகவே நடக்காத காரியம் இல்லை. மூங்கில் மாதிரியே வெளிப்பக்கம்தான் கெட்டி, உள்ளே போகப் போகச் சோறு. வெளிப்பக்கத்தை முதுகாக வைத்து, 6 அடி நீளம், ஒன்றேகால் அங்குல அகலத்தில் கோடு போட்டிருக்கிறேன். நார் சிலாம்பு கையில் ஏறுகிறது, தோல் கையுறை இல்லாமல் தொட முடியாது. பனையில் யாராவது ஏற்கெனவே செய்து பார்த்திருந்தால், உடைந்ததாக இருந்தாலும் சரி, கனம் எவ்வளவு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். நான் 16 மில்லிமீட்டரில் தொடங்குகிறேன்.