காது கேளாதோர் கண்காட்சியில் எங்கள் சபை ஸ்டால்

செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழி தினம். 2018-லிருந்து ஐ.நா. அனுசரிக்கிறது. அதை ஒட்டி வேலூரில் காது கேளாதோர் சிலர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். காது மெஷின் விற்பவர்கள், அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போட்டுத் தரும் மேஜை, தையல் சாமான், வேலைவாய்ப்பு என்று பல ஸ்டால்கள். எங்கள் சபை வாலிபர் ஐக்கியமும் ஒன்று கேட்டு வாங்கியது. எப்படிக் கொடுத்தார்கள், போய் என்ன செய்தீர்கள் என்று மற்ற சபைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

அனுமதி சும்மா கிடைக்கவில்லை. ஏற்பாடு செய்த அண்ணாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சத்துவாச்சாரியில் அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் தங்கை மொழிபெயர்க்க, அவர் முதலில் கேட்டதே குணமாக்கும் ஜெபம் செய்வீர்களா என்றுதான். சின்ன வயதில் அவர் அம்மா கூட்டிப்போகாத ஜெபக்கூட்டம் இல்லை, தர்கா இல்லை, கோயில் இல்லை. போகிற இடமெல்லாம் யாராவது தலையில் கை வைப்பார்கள், காதுக்குள் விரலை விடுவார்கள், அப்புறம் கை தட்டிக் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். இதைச் சொல்லும்போது அந்த ஆட்கள் ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டினார், எங்களுக்கு அடக்க முடியாத சிரிப்பு, கூடவே வெட்கமும். நிபந்தனைகள் இவை: குணமாக்கும் ஜெபம் கூடாது, பெற்றோர் இல்லாமல் வரும் பிள்ளைகளிடம் பேசக் கூடாது, ஸ்பீக்கர் வைக்கக் கூடாது. காது மெஷின் போட்டவர்களுக்கு ஸ்பீக்கர் இரைச்சல் பெரிய இம்சை, மெஷின் அதையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுக்குமாம்.

கைப்பிரதிக் கட்டையும் வேண்டாம் என்றுவிட்டார். பிறவியிலேயே கேட்காதவர்களுக்குத் தமிழ் என்பது கண்ணால் படித்துப் பிடித்த இரண்டாவது மொழி. நம்மில் பலர் ஆங்கிலத்தில் திணறுவது போலத்தான் அவர்களில் பலருக்கும் நாலு பக்கக் கைப்பிரதி. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே சைகையில்தான் பேச வேண்டும், அதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018-ல் 3,000 சொற்களோடு ஒரு வீடியோ அகராதி வெளியிட்டது, 2021-க்குள் அது 10,000 ஆகிவிட்டது. இலவசம், செல்போனிலேயே பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு இங்கே வந்து பேசினால் பாதி பேர் முழிப்பார்கள், ஊருக்கு ஊர் சைகை மாறும். காட்பாடியிலிருந்து காது கேளாத ஓர் அக்கா சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் வாயே திறக்கக் கூடாது. புருவம் ஏறாவிட்டால் கேள்வி கேள்வியே இல்லை என்பார், நாங்கள் கண்ணாடி முன் நின்று புருவம் தூக்கிப் பழகினோம். இயேசுவுக்கான சைகை சுலபம்: நடுவிரல் நுனியால் எதிர்க் கையின் உள்ளங்கையைத் தொட்டு, அப்புறம் கை மாற்றித் தொட வேண்டும், ஆணித் தழும்பு. எங்களில் சீக்கிரம் பிடித்துக்கொண்டது பிரசங்கம் செய்யத் துடித்த தம்பிகள் இல்லை, கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு டிப்ளமோ பையன்.

எங்கள் ஸ்டால் அடையாள அட்டை மேஜைக்குப் பக்கத்தில் அமைந்தது நல்லதாகப் போயிற்று. 40 சதவீதம் குறைபாடு என்று சான்று இருந்தால்தான் பெரும்பாலான சலுகை கிடைக்கும் என்பதால் அங்கே வரிசை குறையவே இல்லை, காத்திருந்து அலுத்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

நாங்கள் நினைத்துக்கொண்டு போனது ஒன்று, வந்தவர்கள் கேட்டது வேறு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) எடுத்தவர், ஞாயிறு தவறாமல் அம்மாவோடு ஆராதனைக்குப் போகிறவர். எல்லாரும் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார். திருவிருந்தில் ஆயர் அப்பத்தைப் பிட்டுக்கொண்டே ஏதோ சொல்கிறாரே, அது என்ன என்று கேட்டார். இத்தனை வருடத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வீட்டில் எல்லாருக்கும் காது கேட்கும், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டி யாருக்கும் சைகை தெரியாது.

அடுத்து குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் வந்தார், இந்துக் குடும்பம். அவர் இயேசுவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் வைகாசியில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகிறதே, அது யாருடைய தலை என்று கேட்டார். எங்களோடு ஸ்டாலுக்கு வந்திருந்த காட்பாடி அக்கா ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார், பிறகு அது ரேணுகாவின் தலை என்று அவள் கதையை ஆரம்பித்துவிட்டார். கோபத்தில் கணவர் ஜமதக்னியின் மூக்கு விடைக்கிறது, மகன் பரசுராமன் கோடரியை ஓங்குகிறான், ஓங்கிய கை நடுங்குகிறது, தலை விழுகிறது, அவசரத்தில் வேறொரு பெண்ணின் உடலோடு தலையைச் சேர்க்கிறான். எல்லாம் அந்த ஒரே முகத்தில். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. சபை ஸ்டாலில் அம்மன் கதையா என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். அக்கா அவருக்குக் கொடுத்த பதில்: அவள் கேட்டாள், எனக்குத் தெரியும், சொன்னேன். எனக்கு அது சரியாகவே பட்டது. தன் வீட்டுத் தெய்வத்தையே இன்னும் தெரிந்துகொள்ள முடியாதவரிடம் நம் சாமியைப் பற்றி முதலில் பேசுவது என்ன நியாயம்?

ஆம்பூர் தம்பி மாற்கு ஏழாம் அதிகாரத்தையும் விடவில்லை. இயேசு காது கேளாதவனைக் குணமாக்கும் அந்தப் பகுதியை யாராவது அவரிடம் நீட்டிக்கொண்டே இருப்பார்களாம், அவருக்குச் சலித்துவிட்டது. அக்கா அதைச் சைகையில் செய்து காட்டினார்: கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப்போகிறார், காதில் விரல் வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். என்ன செய்யப்போகிறார் என்பதை அந்த மனுஷனுக்குப் புரிகிற விதத்தில் கையாலேயே சொல்லிவிட்டுத்தான் செய்கிறார், அதுவும் வேடிக்கை பார்க்கிறவர்கள் இல்லாத இடத்தில். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இது எனக்குப் புதிது.

முடிவில் ஜெபம் செய்யலாமா என்று ஸ்டாலுக்கு வந்தவர்களே கேட்டார்கள். சைகையில் ஜெபித்தால் கண்ணை மூட முடியாது, மூடினால் ஒன்றும் தெரியாது. எங்கள் ஆயரம்மா பழக்கத்தில் கண்ணை மூடிவிட்டார், பக்கத்தில் இருந்த சிறுமி தோளைத் தட்டித் திறக்கவைத்தாள்.

திரும்பி வந்ததும் கமிட்டியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டார்கள். யாரும் சேரவில்லை. ஆனால் ஞாயிறு ஆராதனைக்கு இன்டர்பிரட்டர் வைக்க ஆயர் சம்மதித்துவிட்டார். இருவர் வேண்டும், ஒருவரே தொடர்ந்து செய்தால் இருபது நிமிடத்தில் மூளை களைத்துவிடும். பிரசங்கக் குறிப்பு முன்கூட்டியே அவர்கள் கைக்குப் போக வேண்டும், ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தக் கூடாது, பின்வெளிச்சத்தில் கையும் முகமும் கறுத்துவிடும், சட்டை ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். பணம் எங்கிருந்து என்பதில்தான் இன்னும் இழுபறி. ஆம்பூர் தம்பியின் அம்மா தங்கள் சபைக்கும் யாரையாவது அனுப்புங்கள் என்று போன் செய்தார், அனுப்ப எங்களிடம் ஆள் இல்லை. நீங்களே கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டோம், இப்போது சனிக்கிழமைகளில் ரயில் பிடித்து காட்பாடிக்கு வருகிறார்.